சுத்தியைப் படித்து வாங்குவோம்



சிஞ்ச்வட், பிம்பிரி, போசரி. இந்தப் பக்கம் முழுவதும் வண்டித் தொழில்தான். பிம்பிரியில் டாடா மோட்டார்ஸ் ஆலை இருக்கிறது. 2003 வரை அதன் பெயர் டெல்கோ. ஆலையில் செய்த வண்டி சாலையில் அடிபட்டால் எங்கே போகும்? டிங்கர் பட்டறைக்குத்தான் வரும்.

டிங்கர் வேலையைச் சொல்லித்தர நான் வரவில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. நல்ல கருவியைப் பார்த்து வாங்குவது எப்படி? அதற்கு நாம் கற்ற எழுத்தும் கணக்கும் எப்படி உதவும்? இதைப் பற்றிப் பேசுவோம்.

கார் கதவின் தகடு மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுத்தியின் முகத்தில் வடு இருந்தால், ஒவ்வோர் அடியிலும் அந்த வடு தகட்டில் பதியும். அதைச் சரிசெய்ய மேலும் அடிப்போம். சுத்திக்கும் டாலிக்கும் நடுவில் அடிபட்டு அடிபட்டுத் தகடு மெலியும். மெலிந்த இடம் விரிந்து புடைக்கும். பிறகு பட்டி பூசி மறைக்க வேண்டி வரும். தடித்த பட்டி நாளடைவில் வெடிக்கும். வண்டிக்காரர் திரும்பி வருவார். கெட்ட பெயர் சுத்திக்கா? இல்லை, உங்களுக்குத்தான்.

சுத்தி வாங்கும்போது முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது. மரக் காம்பில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியும். தலையை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

டாலியைத் தடவிப் பாருங்கள். குழி, வெடிப்பு, துரு கூடாது. தகட்டின் வளைவுக்கு ஏற்ற வளைவு டாலியில் வேண்டும். கைக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும்.

தகடு வெட்டும் கத்தரியை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவில் சந்து தெரிந்தால் வெட்டு பிசிறும். நுனி வரை வெட்டுகிறதா என்று ஒரு துண்டுத் தகட்டில் வெட்டிப் பாருங்கள். அரத்தில் பல் வரிசை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி படிக்கும் வேலை. சில கருவிகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். முத்திரையின் மேலே தர எண் இருக்கும். இரும்புச் சுத்திக்கு அந்த எண் 841. கீழே உரிம எண் இருக்கும். அந்த எண் உண்மையா என்று பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் பார்க்கலாம். முத்திரை இல்லாத கருவியும் கடையில் உண்டு. அங்கே உங்கள் கண்ணும் கையும்தான் காவல்.

இங்கே கடைக்காரர் மராத்தியில் பேசுவார். சுத்திக்கு ஹாதோடா. அரத்துக்குக் கானஸ். ரசீதுக்குப் பாவ்தி. பாவ்தி கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் பெயர், விலை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். பொருள் பழுதானால் பேசுவதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஒரு கணக்குப் போடுவோம். மலிவுச் சுத்தி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 மாதம்தான் உழைக்கிறது. வருடத்துக்கு 4 சுத்தி. 4 பெருக்கல் 150, 600 ரூபாய். நல்ல சுத்தி 500 ரூபாய். பல வருடம் உழைக்கிறது. எது மலிவு? நீங்களே சொல்லுங்கள்.

பணத்தைவிடப் பெரியது கண். உளியின் தலை காளான் போல விரிந்திருந்தால் அடிக்காதீர்கள். சில்லு தெறிக்கும். விரிந்த ஓரத்தைச் சாணை பிடித்து எடுத்த பிறகே தொடுங்கள். சுத்தியைச் சுத்தியால் அடிக்காதீர்கள். அதிலும் சில்லு தெறிக்கும். கண்ணாடி போட்டு வேலை செய்யுங்கள். சம்பளத்தில் புதுச் சுத்தி வாங்கலாம். புதுக் கண் வாங்க முடியாது.

வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் அவசரப்படாதீர்கள். பாருங்கள், தடவுங்கள், படியுங்கள், பிறகு பணம் கொடுங்கள்.