சண்டரவனின் ஊளை

(தாம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீலச் சாயத்தில் விழுந்த நரியின் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். மூணாங்கிளாஸ் தாண்டுவதற்குள் கேட்டிருப்போம். ஆபீஸில் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பிலும் இந்த நரியின் வாடை இருக்கு. இன்றைக்கு அந்த நரியின் குணத்தைப் பற்றி மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன். ஏமாற்றுக்காரன் என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டார்கள்.

கதை வந்த வழியை முதலில் பார்த்துடலாம். விஷ்ணுசர்மன் என்கிற பார்ப்பனர் மூன்று ராஜகுமாரர்களுக்கு அரசியல் கற்பிக்கச் சொன்னவை என்றுதான் பஞ்சதந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. 1826இல் தாண்டவராய முதலியார் அதைத் தமிழ் உரைநடையாக்கினார். பிறகு பள்ளிக்கூடத்தின் வழியாகச் சேரிக்கும் வந்து சேர்ந்தது. ஆளப்போகிறவனுக்குச் சொன்ன பாடத்தை ஆளப்படுகிறவன் பிள்ளையும் மனப்பாடம் பண்ணினான்.

சமஸ்கிருதப் பிரதியில் நரிக்குப் பேர் சண்டரவன். கடுங்குரல்காரன் என்று அர்த்தம். பசி தாங்காமல் ஊருக்குள் வருது. நாய்கள் கடித்துத் துரத்துகின்றன. உயிருக்குப் பயந்து ஒரு சாயத்தொழிலாளி வீட்டு நீலத் தொட்டியில் விழுது. வெளியே வந்தால் நாய்கள் ஒதுங்குகின்றன, காடு மிரளுது. பிரம்மாவே என்னைப் படைத்து ராஜாவாக அனுப்பினார், என் பேர் ககுத்துருமன் என்கிறது நரி. எனக்குப் புத்தி இருக்கு, ஆளத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்தக் காடு கேட்டிருக்குமா? பிரம்மாவின் பேரைச் சொன்னதும் சிங்கமே கும்பிடுது. எந்தப் பொய்யை அந்தச் சமூகம் ஏற்கும் என்று நரிக்குத் தெரிஞ்சிருக்கு.

அது எப்படி ஆண்டது? சிங்கத்துக்கு மந்திரி வேலை. புலிக்குப் பள்ளியறைக் காவல். சிறுத்தைக்கு வெற்றிலைப் பெட்டி. வேட்டையாடிக் கொண்டுவந்த இரையை ராஜதர்மப்படி எல்லாருக்கும் பங்கிட்டதாகப் பிரதியே சொல்லுது. ஆட்சியில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. பாடம் நடத்துகிறபோது இந்த வரியைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கேஷ் பைசா பிசகாமல் டேலி ஆனாலும், 'கோட்டாவுல வந்தவரு' என்கிற முணுமுணுப்பு மட்டும் டேலி ஆகாமல் நிற்கும். பங்கீடு சரியாக இருந்தாலும் பிறப்புதான் விசாரிக்கப்படும் என்பது அந்தக் காட்டோடு முடியலை.

நரியின் குணத்தில் எங்கே கோணல்? ராஜாவானதும் தன் இன நரிகளோடு பேச்சையே நிறுத்திவிட்டு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுது. தொட்டியில் விழுந்தது உயிர்ப் பயம். இது பதவிப் பயம். இரண்டையும் ஒரே வஞ்சகமாகக் கட்டிவைத்திருக்கிறது கதை. நாம் பிரித்துப் படிக்கணும்.

ஒரு நாள் தூரத்தில் நரிக்கூட்டம் ஊளையிடுது. ககுத்துருமனுக்கு உடம்பு சிலிர்க்கிறது, கண்ணில் ஆனந்தக் கண்ணீர். எழுந்து நின்று தானும் ஊளையிடுது. ஒரு நரியா நம்மை ஆண்டது என்ற வெட்கத்தில் கூடியிருந்தவை அதைக் கிழித்துப் போடுகின்றன. அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் யோசிங்க. பள்ளிக்கூடம் அதைச் சாயம் வெளுத்த நேரம் என்கிறது. சண்டரவன் தன் பேருக்குத் திரும்பிய நேரம் என்கிறேன் நான்.

பஞ்சதந்திரம் சொல்லும் நீதி, சொந்த ஜனத்தைத் துறந்து அன்னியரை நெருக்கமாக்கிக்கொண்டவன் அழிவான் என்பது. பின்னால் வந்த ஹிதோபதேசம், பிறவிக்குணம் மாறாது என்று ஆக்கிவிட்டது. முதல் நீதியில் நமக்கும் பாடம் உண்டு. இரண்டாவது, அப்பட்டமான வருணதர்மம்.

கதை நரியோடு முடியலை. 1917இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் தங்க இடமில்லாமல், பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு பார்சிகள் வந்து நின்றார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஒரு கூரை தேடியது. பத்து வருஷம் கழித்து, 1927இல், தன் ஜனங்களோடு மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

நம்ம பக்கத்திலும் ஒருத்தர் உண்டு. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படிக்கும்போது, பெரும்பாலும் பார்ப்பனப் பிள்ளைகள் நிறைந்த கலாசாலையில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒதுங்கி நடந்ததை அவரே தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பிறகு நீலகிரியில் கணக்கர் வேலை. அந்த மனுஷன்தான் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லை மறைத்தாரோ அதையே முகப்பில் அச்சடித்தார். தோழர்களே, நான் ஊளை என்று சொல்வது இதைத்தான்.

இந்தத் தாம்பரத்தில் புறநகர் ரயிலில் வந்து இறங்கி, வேலை தேடி, சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் டு-லெட் போர்டைப் பார்த்து அலைகிறோம். 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' 'நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?' கேள்வி கவுரவமாகத்தான் வரும். அந்த வாசலில் பேசாமல் நிற்கிற தம்பி தங்கச்சியைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அவன் தொட்டிக்குள் நிற்கிறான். நாய்களைப் பற்றிப் பேசாமல் அவனை மட்டும் விசாரிக்கிற நேர்மை நமக்கு வேண்டாம். ஆனால் வீடு கிடைச்ச பிறகு, பிரமோஷன் வந்த பிறகு, ஊர்க்காரன் வந்து கதவைத் தட்டினால் திறக்கிறோமா? சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறோமா? கேள்வியை அங்கே வைக்கணும்.

காட்டில் ககுத்துருமன் ஒத்தையாக ஊளையிட்டான். கூட்டத்தை அவனே விரட்டியிருந்ததால் பக்கத்தில் ஒரு நரிகூட இல்லை. அதனால்தான் செத்தான். 1942இல் தொடங்கிய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் கொடியும் நீலம்தான். அதன் கீழே கூட்டமாக நின்று குரல் கொடுத்தார்கள்.

மாலைநேரப் பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை நிறுத்தாதீங்க, சொல்லுங்க. சொல்லி முடித்ததும் பிள்ளைகளிடம் கேளுங்க: ஒழுங்காகப் பங்கு வைத்த ராஜாவை ஏன் கொன்றார்கள்? என்ன பதில் வருதுன்னு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க.

ஜெய்பீம்.