சாக்ஸபோனும் தப்பும்

பெல்ஜிய நாட்டவரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற கருவி சாக்ஸபோன். படைகளின் பாண்டு வாத்தியத்துக்கு உதவிய அக்கருவி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையிலே தனிக்குரல் பெற்றது. பிரேசில் நாட்டின் போசா நோவா இசையோடு அதனை இணைத்துக் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் வாசித்த தட்டுக்கள் 1960களில் உலகெங்கும் ஒலித்தன.

நம் கருநாடக இசைக்கு அக்கருவியை உரியதாக்கியவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரின் மகனாகிய அவர், மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் காதல் கொண்டார். ஆயின் ஓர் இடர் இருந்தது. நாதஸ்வரத்தில் விரல் துளையை நேரே மூடும். பாதி மூடியும் திறந்தும் கமகத்தைக் குழைக்கலாம். சாக்ஸபோனிலோ துளைகளைச் சாவிகளே மூடுகின்றன. கருவியில் சில மாற்றங்கள் செய்தும், மூச்சையும் உதட்டையும் பல்லாண்டு பழக்கியும் அவர் அதில் இராகத்தைப் பாட வைத்தார். 1994இல் இலண்டன் பிராமனேட் இசை விழாவிலும் அவ்விசை ஒலித்தது.

அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா, இந்தியப் பெற்றோரின் மகன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். அவருடைய தமையனார் வேடிக்கையாகக் கொடுத்த கோபால்நாத்தின் இசைத்தட்டு அவரை வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் இருவரும் இணைந்து வாசித்த 'கின்ஸ்மென்' என்னும் தட்டு 2008இல் வெளிவந்தது. உறவினர் என்பது அப்பெயரின் பொருள். கன்னியாகுமரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் கிற்றாரோடும் ஜாஸ் முரசோடும் உரையாடுகின்றன. ஒருவர் இராகத்தை விடவில்லை. மற்றவர் ஜாஸை விடவில்லை. உறவு மட்டும் பிறந்தது.

கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் வட்டகொடை போன்ற மலையகத் தோட்டங்களுக்கும் இதிலே ஒரு செய்தி உண்டு. முன்னோர் தம்மோடு கொண்டுவந்த செல்வம் தப்பு. விடியலில் பிரட்டுக்கு ஆள் அழைத்ததும் அதுவே. காமன் கூத்தில் மக்களை ஆட வைத்ததும் அதுவே. இன்றைய இளைஞர் கிற்றாரையும் கீபோர்டையும் நாடுவது கண்டு பெரியோர் சிலர் வருந்துகின்றனர். புதிய கருவி வந்ததற்காக வருந்த வேண்டுவதில்லை. தப்பைக் கற்பிக்க மறந்தால் அதற்கே வருந்த வேண்டும். கோபால்நாத் அயல்நாட்டுக் கருவியை வசமாக்கியது, தந்தையிடம் நாதஸ்வரம் பயின்ற பின்னரன்றோ? 2019இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. தன் வீட்டு இசையை அறிந்தவனுக்கு எந்நாட்டு இசையும் விருந்தாகும். அறியாதவனுக்கோ தன் வீட்டு இசையும் அயலாகிவிடும்.