கணக்கெடுப்பும் நம் இல்லங்களும்



வெள்ளிவிழா மேடையில் தேர்ச்சி விழுக்காட்டைப் பேசுவதே வழக்கம். இன்று நாம் வேறொரு விழுக்காட்டைப் பேச விழைகின்றோம். வளரிளம் பருவத்தாரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் போதைப் பழக்கம் எவ்வளவு உள்ளது எனக் கேட்டறியும் கணக்கெடுப்புகளைப் பற்றியது அது. இத்தகைய கேள்வித்தாளுடன் ஒருவர் தெருவுக்குள் வந்தால் நம்மவர் பலர் கதவைச் சாத்திவிடுகின்றனர். காரணம் நாம் அறியாததன்று. 'குடிகாரத் தெரு' என்று ஊரார் பழி சுமத்தியிருக்க, அதற்குப் புள்ளிவிவரமும் நாமே எடுத்துக் கொடுப்பதா என்னும் மானவுணர்ச்சியே அது.

ஆனால், பழி சுமத்துவோர் எண்ணிப் பார்த்தவர் அல்லர். எண்ணிப் பார்த்தோர் கூறுவது வேறு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மையம் நாடெங்கும் 2 லட்சம் வீடுகளில் ஆய்வு நடத்தி, 2019-ல் அறிக்கை வெளியிட்டது. 10 முதல் 75 வயதுவரையுள்ள ஆண்களில் 27.3 விழுக்காட்டினர் மது அருந்துவோர் என்கிறது அவ்வறிக்கை. இது நாட்டின் கணக்கு. நம் தெருவின் கணக்கன்று. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார் என்பதும் அதிலேயே உள்ளது. எஞ்சிய 37 பேரின் வீடுகளில் பிள்ளைகள் இல்லையா? பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் ஒன்றுதான் பெரியவரைவிடச் சிறாரிடம் மிகுதி எனக் கண்டனர். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்க வருபவனிடம் யார் வயது கேட்கின்றனர்?

அதே 2019-ஆம் ஆண்டில் 987 பள்ளிகளில் புகையிலை பற்றிய ஆய்வு ஒன்றும் நடைபெற்றது. மாணவர் தம் பெயரை எழுதாமல் விடைகளைத் தாமே குறித்தனர். 13 முதல் 15 வயதினரில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். ஆசிரியத் தொழிலில் தலை நரைத்த நமக்கு அந்த எண் அவ்வளவாக வியப்பளிக்கவில்லை. பீடி பிடித்துப் பார்த்தவர்களில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள் என்பதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. பத்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்குப் பீடி எங்கிருந்து கிடைக்கும்? "ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கி வாடா" என்று காசு கொடுத்து அனுப்புபவர் யார்? பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்கலாகாது என 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடைக்காரரைக் குறை கூறுமுன் அனுப்பிய கையை நோக்குவோமாக.

ஐஸ்லாந்து என்னும் சிறு நாட்டில் 1998-ல், 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தனர். 2016-ல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அவர்கள் பிள்ளைகளிடம் போதையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மாலையில் நீ எங்கிருக்கிறாய் என்பது உன் பெற்றோருக்குத் தெரியுமா, அவர்களுடன் எவ்வளவு நேரம் கழிக்கிறாய் என்றும் கேட்டனர். கிடைத்த விடைகளை அலமாரியில் பூட்டி வைக்காமல் அந்தந்த ஊருக்கும் பள்ளிக்குமே திருப்பித் தந்தனர். பெற்றோர் கூடி உடன்படிக்கை செய்துகொண்டனர். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. செல்வ நாடு, அவர்களால் இயலும் என்பீர்கள். பணம் அவர்களுடையதாகுக, பிள்ளை மாலையில் எங்கே என்று கேட்பதற்குச் செல்வம் வேண்டுமோ?

எனவே நம் இளைஞர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். கணக்கெடுக்க வருவோரிடம், "இதன் முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். தக்க விடை கிடைத்தால் உண்மையைச் சொல்லுங்கள். அண்டை வீட்டார் காதில் விழாத இடத்தில், தந்தை எதிரில் மகனை நிறுத்தாமல், தனித்தனியே கேட்கச் சொல்லுங்கள். சங்கத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் நாமும் இவ்வாண்டே கேட்கத் தொடங்கலாம். கேள்விகள் பத்துக்கு மேல் வேண்டா. தாளில் பெயர் எழுதும் இடமும் வேண்டா.