தட்டு மாதிரி ராக்கெட் நேரா போகுமா?

இந்த வாரம் கோடிங் இல்ல, ராக்கெட். அதுவும் தோசைக்கல் சைஸ்ல, பறக்கும் தட்டு வடிவத்துல நானே செஞ்சது.

நான் இருக்கிற டெக்சாஸ்ல மாடல் ராக்கெட் விடுறதுக்குன்னே மைதானம் இருக்கு. அங்க ஒரு பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில வாங்கிப் பார்ப்பார். என் தட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது நேரா போகும்னு எப்படிச் சொல்றீங்க?"ன்னார். சுத்தி குழந்தைங்க நிக்கிறாங்க, நியாயமான கேள்விதான்.

ராக்கெட் நேரா போகணும்னா எடையோட மையம் முன்னாடியும், காத்து தள்ளுற மையம் பின்னாடியும் இருக்கணும், அம்பு மாதிரி. இந்த ரெண்டாவது மையத்தைக் கண்டுபிடிக்க 1960கள்ல ஜேம்ஸ் பாரோமன் சமன்பாடுகள் கொடுத்தார். ஓபன்ராக்கெட்னு ஒரு இலவச மென்பொருள் அதை வச்சுத்தான் கணக்குப் போடுது. என் தட்டை அதுல வரைஞ்சா, நிலையில்லைன்னு சொல்லிடுச்சு.

ஏன்னா அந்தக் கணக்கு ஒல்லியான ராக்கெட்டுக்கானது. தட்டுக்குப் பின்னாடி காத்து உடனே வந்து நிரம்பாது. அங்க அழுத்தம் குறைஞ்சு, தட்டைப் பின்னால இழுக்கும். சாய்ஞ்சா நிமிர்த்துறது இந்த இழுப்புதான், ஆனா மென்பொருள் அதைச் சேர்க்கல. அதுக்கு ராக்கெட்காரங்க ஒரு குறுக்குவழி வச்சிருக்காங்க: விட்டத்தைப் போல பை மடங்கு நீளத்துக்கு, எடையே இல்லாத ஒரு கூம்பை வரைபடத்துல பின்னாடி ஒட்டணும். என் தட்டு 25 செ.மீ., அப்போ கூம்பு 78 செ.மீ. புரொடக்‌ஷன் கோடுல இப்படி ஒரு பேட்ச் போட்டா நம்ம டீம் லீட் என்ன சொல்வார்னு யோசிச்சுக்கோங்க!

எனக்கும் அது மட்டும் போதல. மோட்டாரைச் சொருகி, எடை மையத்துல நூல் கட்டி, தலைக்கு மேல சுத்தினேன். கூம்பு முனை எப்பவும் முன்னாடியே பார்த்துச்சு. அதிகாரி முன்னாடியும் அதையேதான் செஞ்சு காட்டினேன். தலையாட்டிட்டார்.

தட்டு ஃபோம் ஷீட், நடுவுல காகிதக் குழாய். எடை முன்னாடி வரணும்னு சி6-0 மோட்டாரோட தலை மேல எட்டிப் பார்க்கும். மொத்தம் 62 கிராம். மோட்டார் பேர்ல குறிச்சிருக்கிற சராசரி உந்துவிசை 6 நியூட்டன், அதாவது எடையைப் போல பத்து மடங்கு. பட்டனை அழுத்தின உடனே சர்ர்ருனு கிளம்புச்சு, நேரா! ரெண்டே நொடியில மோட்டார் அணைய, காத்து பிரேக் போட்ட மாதிரி நின்னுடுச்சு. சுமார் எட்டு மாடி உயரம்தான். ஒல்லியான ராக்கெட்டை இதே மோட்டார் 300 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும், அப்புறம் அதைத் தேடி நாமதான் காடு மேடெல்லாம் அலையணும். இதுக்குப் பாராசூட்டும் வேண்டாம். என் கணக்குப்படி நொடிக்கு 4 மீட்டர் வேகத்துல இறங்கும்.

நம்ம ஊர்ல இருந்து கேட்கிறவங்க தயவுசெஞ்சு வீட்ல மருந்து அடைச்சு மோட்டார் செய்யாதீங்க. ஒரு பேப்பர் தட்டை வெட்டிக் கூம்பாக்கி, முனையில ஒரு ரூபாய் காசு ஒட்டி, முனை மேல இருக்கிற மாதிரி பிடிச்சு மொட்டை மாடியில இருந்து விடுங்க, கீழ ஆள் இல்லாதப்போ. பாதி வழியிலேயே தானா திரும்பிக்கும். வீடியோ எடுத்தா எனக்கும் அனுப்புங்க.