ஆயா சொன்ன பெயர்



“எங்க பெரியப்பா நெட்டாலுக்குக் கப்பலேறிப் போனாரு, திரும்பவே இல்ல.” என் ஆயா சாகும்வரை சொன்னது இது. இதை வைத்துத்தான் நாற்பது ஆண்டுகளாக எங்கள் முன்னோரைத் தேடுகிறேன்.

முதலில் ஊர் நிலக் கணக்குகளைப் புரட்டினேன். அங்கே நிலம் வைத்திருந்தவர் பெயர்தான் உண்டு. பண்ணையில் உழைத்த எங்களுக்குப் பெயரில்லை.

பெயர் கிடைத்தது கப்பல் பட்டியலில். 1860 முதல் 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் வரை எழுதினார்கள். ஆளைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் எழுதியது அது. இன்று நாம் நம் ஆட்களைத் தேட உதவுகிறது.

அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். இடது கணுக்காலில் தழும்பு. தகப்பன் பெயர், ஆயா சொன்ன தன் தாத்தாவின் பெயரேதான். அன்று அந்தப் பக்கத்தின் முன் அழுதேன்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1892 அரசாணைப்படி வழங்கிய பஞ்சமி நிலம் யாருக்குக் கொடுத்தது என்று கேட்கும்போது, தாத்தா பெயர் தெரியாதவர் வாயடைத்து நிற்கிறார்.

இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயர்களையும் விடாதீர்கள்.

ஜெய்பீம்.