நோயாளியும் உண்மையும்

1923ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அறுபத்தாறு வயதினரான அறிஞர் ஒருவர் வீட்டாருக்கும் சொல்லாமல் வியன்னா நகரத்து வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றார். வாயினுள்ளே, வலப்புறத்தில் எழுந்த கட்டியைச் சிறிய சத்திரசிகிச்சையால் நீக்கிவிட்டு அன்றே திரும்பலாம் என்பது எண்ணம். அவர்தாம் உளப்பகுப்பு முறையை வகுத்த சிக்மண்ட் பிராய்ட்.

இரத்தம் பெருகியதால் அவர் அங்கேயே தங்க நேர்ந்தது. தனியறை இல்லை. மதிவளர்ச்சி குன்றிய குள்ள மனிதர் ஒருவர் கிடந்த சிற்றறையில் அவரையும் விட்டனர். மீண்டும் இரத்தம் பெருகிற்று. பிராய்டினாற் பேச முடியவில்லை. மணியை அழுத்தினார், அது ஒலிக்கவில்லை. அந்தக் குள்ள மனிதரே ஓடிச் சென்று தாதியை அழைத்து வந்தார். உலகறிந்த பேரறிஞரின் உயிரைக் காத்தவர் அயற் கட்டில் நோயாளியே.

ஆனால் நோயின் பெயரை எவரும் பிராய்டுக்குச் சொல்லவில்லை. கட்டியைப் பார்த்த வைத்தியர் பீலிக்ஸ் டொய்ச் அது புற்றுநோய் என்று அறிந்திருந்தும், புகைத்தலால் வந்த வெண்படலம் என்றே கூறினார். உண்மை தெரிந்தால் பிராய்ட் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்பது அவருடைய அச்சம். நம் வீடுகளிலும் இது புதிதன்று. வைத்தியரின் முடிவு மூத்த மகனிடம் சொல்லப்படும், நோயாளிக்கோ 'வெறும் புண்' என்னும் ஆறுதல் கிடைக்கும். தாங்கமாட்டாதவர் நோயாளியா, சொல்ல வேண்டியவரா என்பது ஆராயத்தக்கது.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஹான்ஸ் பிக்லர் என்னும் சத்திரவைத்தியர் வலப்புற மேற்றாடையையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் அகற்றினார். வாயும் மூக்கும் ஒன்றாகிவிட்டன. அவற்றைப் பிரிக்கப் பொருத்திய செயற்கை அண்ணத்தை வீட்டார் 'பூதம்' என்றே அழைத்தனர். அதை இட்டால் புண்படும், இடாவிட்டால் பேச்சில்லை. வலக்காது செவிடாயிற்று, நோயாளர் கூறுவதை இடக்காதாற் கேட்பதற்காகத் தம் நாற்காலியை மறுபுறம் மாற்றிக்கொண்டார். மகள் அன்னாவே அவருக்குத் தாதியானாள். இரக்கத்தை முகத்திற் காட்டலாகாது என்பது இருவருக்குமிடையிலான உடன்படிக்கை. முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளோடு அவர் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார், பணியையும் விடவில்லை. சுருட்டையும் விடவில்லை! வெற்றிலையும் புகையிலையும் துறக்கமாட்டாத நம்மவர்க்கு அந்தப் பலவீனம் விளங்காததன்று.

1929ஆம் ஆண்டில் மாக்ஸ் சூர் என்னும் இளம் வைத்தியரைத் தமக்கென அமர்த்தியபோது, பிராய்ட் இரண்டு வாக்குறுதிகளைக் கேட்டார்: எப்பொழுதும் உண்மையே சொல்லவேண்டும், காலம் வந்தபோது வீணாக வருந்த விடலாகாது. சூர் இசைந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்.

1938இல் பிராய்ட் இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். நண்பர்கள் சிலர் 1923ஆம் ஆண்டிலேயே கூடி, அவரிடம் நோயைச் சொல்வதா, மறைப்பதா என ஆராய்ந்த செய்தியை ஏணெஸ்ற் ஜோன்ஸ் அவருக்குக் கூறினார். பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. சொன்னவரோ உற்ற நண்பர். ஆயினும் அந்த முதியவரின் கண்கள் கனன்றன. எந்த உரிமையோடு அப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டார்.