சந்தமசாவில் ஒரு சிறுமி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானியல் வல்லுநர் பேசவேண்டிய பொருளை இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நான் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இப்பொருளுக்கும் இரயிலுக்கும் சிறிது உறவு உண்டு.

ஏறத்தாழ 340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு விண்மீனைக் கோள் ஒன்று சுற்றுவதை 2006ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். அனைத்துலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டு விழாவையொட்டி, 2019இல் அவ்விரண்டிற்கும் பெயர் சூட்டும் உரிமையை நம் நாட்டிற்கு நல்கியது. இயற்பியல் அறிஞர் பிபா சௌத்ரி அம்மையாரின் (1913–1991) நினைவாக விண்மீன் 'பிபா' ஆயிற்று. முகில் சூழ்ந்தது என்னும் பொருள்பட, கோள் 'சந்தமசா' எனப்பட்டது.

கோளைக் கண்டுபிடித்த முறை யாது? இரயில் நெருங்குகையில் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகுகையில் தாழ்ந்தும் கேட்பதை நடைமேடையில் நின்ற எவரும் அறிவர். கோளின் ஈர்ப்பினால் விண்மீன் சற்றே நம்மை நெருங்கியும் விலகியும் அசைகிறது. அப்போது அதன் ஒளியில் அத்தகைய மாறுதல் நேர்கிறது. அம்மாறுதலை அளந்தே, கோள் உண்டென்று துணிந்தனர்.

சந்தமசா வியாழனைவிடப் பெரும் நிறையுடையது, கடும் வெப்பம் மிக்கது, காலூன்ற நிலமற்றது. விண்மீனை ஒருமுறை சுற்ற அதற்கு இரண்டு நாளும் சுமார் மூன்று மணி நேரமுமே ஆகும். நாம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை சென்று மீள்வதற்குள் அங்கே ஓராண்டு கழிந்துவிடும்! நம் செயலாளர் அங்கிருந்தால் திங்கள்தோறும் பதினான்கு ஆண்டு விழாக்கள் நடத்த நேரும். நாமும் பதினான்கு முறை சந்தா செலுத்த நேரும்!

இத்தகைய கோளில் நெல்வயலும் ஆற்றங்கரையும் அமைத்துக் கதை எழுதினால் அது பொருந்தாது. அறிந்த உண்மைகளுக்கு உட்பட்டுக் கற்பனை செய்யவேண்டும். இவ்வகைக் கோளின் ஒரு முகம் எப்போதும் விண்மீனையே நோக்கியிருக்கும் என்று கருதுகின்றனர். ஆதலின், பகலும் இரவும் கூடும் எல்லையில், முகில்களிடையே மிதக்கும் ஓர் ஊரைப் படைப்போம். அவ்வூரில் ஒரு சிறுமி. அவளுக்கு விடியல் என்னும் சொல்லை எவ்வாறு விளக்குவது?

அன்பர்களே! தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் களத்துமேடு என்னும் சொல்லை விளக்க நாம் படும்பாடும் அதுவன்றோ! அவர்களிற் பலர் நம் ஊரில் வாழ்ந்தறியார். நம் பேச்சிலிருந்தும், ஊர்க்கடிதம் வந்ததும் நம் முகத்தில் தோன்றும் மாறுதலிலிருந்தும் ஓர் ஊரைத் தாமே படைத்துக்கொள்கின்றனர். நாம் கூறுவது பொய்யாயின், அவர்கள் படைக்கும் ஊரும் பொய்யாகும். காவிரியில் வெள்ளம் புரளும் அழகைக் கூறுங்கள். கோடையில் அது மணலாய்க் கிடப்பதையும் மறைக்காதீர்கள். நாம் ஏன் ஊரைவிட்டு வந்தோம் என்பதையும் கூறுங்கள்.

சிறுவர்களே! வரும் விடுமுறையில் சந்தமசாவைப் பற்றி ஒரு கதையும், நீங்கள் கேட்டறிந்த ஊரைப் பற்றி ஒரு கதையும் தமிழில் எழுதி வாருங்கள். இரண்டையும் படிக்க நாங்கள் ஆவலுடன் காத்திருப்போம்.